முழங்காலளவு தண்ணீருக்கு ஒரு விண்ணப்பம்

ரஞ்சினி கேட்டது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. நகை கேட்கவில்லை, ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லவில்லை, லண்டனிலிருந்து வைத்தியர் வரவேண்டும் என்று அடம்பிடிக்கவில்லை. கட்டிலில் கிடந்தபடியே ஜன்னலுக்கு வெளியே விரலைக் காட்டி, "இஞ்சருங்கோ, அந்த மனிசன் தண்ணியில நிக்கிற மாதிரி நீங்களும் ஒருக்கா நில்லுங்கோ. நான் இதில கிடந்து பாக்கவேணும்" என்றாள். அவ்வளவுதான்.

அது 2006ஆம் ஆண்டு மே மாதம். எசன் நகரத்துக்குத் தெற்கே, கீர்ஸ்பாக் என்ற சிற்றாற்றங்கரையில் இருந்த ஹொஸ்பிஸ் வீட்டின் இரண்டாம் மாடி. இனி மருந்தால் ஆவதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரி அனுப்பிவிடுகிறவர்கள், நோவில்லாமல் கடைசி நாட்களைக் கழிக்கும் இடம் அது. ரஞ்சினிக்கு வயிற்றில் புற்றுநோய். இலையுதிர் காலம் வரை பார்க்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

அவளுடைய கணவர் அரியரத்தினம் எட்டிப் பார்த்தார். ஆற்றின் நடுவே பச்சைத் தொப்பிக்காரர் ஒருவர், நெஞ்சு வரை வரும் ரப்பர் காற்சட்டையோடு நின்று, நீளமான தூண்டில் தடியை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி, நூலைக் காற்றில் வளைய விட்டுக்கொண்டிருந்தார். நூலின் நுனியில் இறகால் செய்த பொய் ஈ ஒன்று கட்டியிருக்கும். அதை மெய்யான ஈ என்று நம்பி மீன் வந்து கவ்வவேண்டும் என்பது ஏற்பாடு. ரஞ்சினி ஒரு கிழமையாக அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். ஒரு மீனும் கவ்வவில்லை.

"எனக்கு மீன் பிடிக்கத் தெரியாதே, ரஞ்சி."

"மீன் ஆருக்கு வேணும்? சும்மா நில்லுங்கோ. கலியாணம் கட்டி இஞ்ச வந்த நாள் துடக்கம் நான் உங்களை வரிசையில நிண்டுதான் பாத்திருக்கிறன். வெளிநாட்டார் கந்தோரில நிண்டீங்கள், வேலைக் கந்தோரில நிண்டீங்கள், ஆஸ்பத்திரியில எனக்காகவும் நிண்டீங்கள். முன்னுக்கும் ஒருத்தர் இல்லாமல், பின்னுக்கும் ஒருத்தர் இல்லாமல், கையில ஃபைல் இல்லாமல் ஒருக்கா நில்லுங்கோ. முழங்காலளவு தண்ணி போதும். உங்களுக்கு நீந்தவும் தெரியாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தால் வயிறு நோகும் என்று தெரிந்துகொண்டே சிரித்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பதினேழு வருடமாக அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்கென்றே ஒரு கன்ரீன் சமையலறையில் கோப்பை கழுவி, பிறகு சலாட் வெட்டி, வீட்டுக்கு ஓடி வந்துகொண்டிருந்தவர் அரியரத்தினம். அதற்காக அவர் நெருப்பிலும் நிற்பார். ஆனால் இது ஆறு. ஆற்றில் நிற்பதென்றால் யாரைக் கேட்கவேண்டும் என்றுதான் அவருடைய புத்தி முதலில் ஓடியது.

அவரைக் குறை சொல்ல ஏலாது. 1985இல் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்டில் விமானம் விட்டு இறங்கி, மேற்குப் பக்கம் வந்து அகதி மனுக் கொடுத்துவிட்டு, ஒரு சின்ன ஊர் முகாமில் அவர் இருந்த காலத்தில், மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று சட்டம். மாவட்டத்தின் எல்லை ஓர் ஆறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் காற்று வாங்கப் போனவர் நடுக்கோட்டைத் தாண்டி ஏழு அடி போய்விட்டார். ஏழு அடி என்பதை ஒரு பொலிஸ்காரர் நாடா வைத்து அளந்து எழுதினார். மூன்று முத்திரை குத்திய எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை அவர் இன்றும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். அன்று தொடக்கம் ஆற்றைக் கண்டால் அவருக்குத் தண்ணீரின் ஞாபகம் வருவதில்லை, கடிதத்தின் ஞாபகம்தான் வரும்.

இருந்தாலும் அன்றைக்கே கீழே இறங்கிக் கரைக்குப் போனார். ரஞ்சினியின் ஜன்னலுக்கு நேரே, தண்ணீரிலிருந்து நாலு எட்டு தள்ளி, ஒரு மரப்பலகை நின்றது. உச்சியில் கிரீடம் வைத்த மீன். கீழே எட்டு வரி, கொம்பும் வாலும் வைத்த பழைய ஜெர்மன் எழுத்தில். பெயின்ற் உரிந்து கிடந்தது. இந்தக் காலத்து ஜெர்மன்காரரே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கவேண்டிய எழுத்து அது. அரியரத்தினத்துக்கு முதல் வரியில் ஒரு சொல் மாத்திரம் பிடிபட்டது. 'ஃபெர்போட்டன்', அதாவது தடை. அந்தச் சொல்லை எந்த எழுத்தில் எழுதினாலும் அவருக்குத் தெரியும்.

தண்ணீரில் இரண்டு பிள்ளைகள் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாய் தடி பொறுக்கிக்கொண்டிருந்தது. அரியரத்தினம் குனிந்து கவனித்தார். நாயின் கழுத்தில் இலக்கம் பொறித்த தகடு. சற்றுத் தள்ளி ஒரு வாத்து. அதன் காலில் யாரோ ஆராய்ச்சிக்காரர் மாட்டிய வளையம், அதிலும் இலக்கம். அவர் திரும்பி வந்தார்.

தமிழ்ச் சங்கத்தில் எல்லோருக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தம்பித்துரை அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அரியம், வாத்துக்கே நம்பர் குடுத்து வைச்சிருக்கிற நாடு இது. பேப்பர் இல்லாமல் காலை நனைச்சுப்போடாதையும்."

"நான் இப்ப ஜெர்மன் பிரசை தானே, அண்ணை?"

"அது தரைக்கு. தண்ணிக்கு வேற அன்ட்ராக் இருக்கும்."

அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். அது உண்மையாகவே இருந்தது. பதினொரு பக்கம்.

ஆற்றின் அந்தப் பகுதி 'கீர்ஸ்பாக் ஈத்தூண்டில் நண்பர்கள் கழகம், தாபிதம் 1893' என்ற அமைப்பின் பொறுப்பில் இருந்தது. தலைவர் ஹெர் விண்ட்ஷைட், உறுதிப் பத்திரம் எழுதி இளைப்பாறிய நொத்தாரிசு. ஹெர் என்றால் திருவாளர். ஆற்றுக் காப்பாளர் ஹெர் கொலாட்ஸ். ரஞ்சினி பார்த்துக்கொண்டு கிடந்த பச்சைத் தொப்பி இவருடையதுதான். ஆள் வாய் திறப்பது குறைவு. தலைவர் அவருக்கும் சேர்த்துப் பேசினார்.

அரியரத்தினம் தமக்குத் தெரிந்த ஜெர்மனில் நேராகவே சொன்னார்: "நான் ஆற்றில் நிற்க விரும்புகிறேன்."

ஹெர் விண்ட்ஷைட்டின் கண்கள் கலங்கின. "கேட்டீர்களா, கொலாட்ஸ்? மீன் பிடிக்க வேண்டும் என்று இவர் சொல்லவில்லை. ஆற்றில் நிற்க வேண்டும் என்கிறார். புழு கட்டிப் பிடிக்கும் கூட்டத்தில் ஒருவன் இப்படிப் பேசுவானா? ஐயா, நீங்கள் பிறவி ஈத்தூண்டில்காரர்."

"என் மனைவி நோயாளி. கொஞ்சம் கெதியாக முடியுமா?"

"கெதியா?" தலைவர் அன்போடு சிரித்தார். "இந்தக் கலையின் முதற்பாடமே பொறுமைதான்."

முதலில் அரச பரீட்சை. நாற்பத்தொன்பது மீன்களைப் படத்தில் பார்த்துப் பெயர் சொல்லவேண்டும். அரியரத்தினம் வேலை முடிந்து நேரே ஹொஸ்பிஸுக்கு வந்து, படங்களைக் கட்டிலில் பரப்பிப் பாடமாக்கினார். மீன்களெல்லாம் அவருக்கு ஒரே முகமாகத்தான் தெரிந்தன. ரஞ்சினிக்குத்தான் மூன்றாம் நாளே நாற்பத்தொன்பதும் மனப்பாடம்.

"இது பார்பே. மீசையைப் பாருங்கோ, எங்கட தமிழ்ச் சங்கத் தலைவர் மாதிரி. இது ஃபொரெல்லே, சிவப்புப் பொட்டு வைச்சிருக்கிறா. இதை மறந்திடாதையுங்கோ."

அங்கே உதவித் தாதியாக இருந்த மன்னார்ப் பெண் கொறற்றி, ஊசி போட வந்தவள், தானும் நின்று படம் பார்ப்பாள். "அக்கா சோதினை எழுதினால் முதலாம் பிள்ளை" என்பாள். அரியரத்தினம் சித்தியடைந்தார். பத்திரத்தில் அவருடைய பெயர் இருந்தது. ரஞ்சினி அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"இனி இறங்கலாமே?" என்றாள்.

"இல்லை, இது அரசாங்கத்துக்கு. இனித்தான் கழகத்துக்கு."

கழகத்தின் முதற்படி எறிதல். அது ஆற்றில் நடைபெறுவதில்லை. உறுப்பினர் ஆகாதவர் ஆற்றில் தூண்டில் எறிய முடியாது, எறிந்து காட்டாதவர் உறுப்பினர் ஆக முடியாது. இந்தச் சிக்கலைக் கழகம் 1954இல் ஒரு தீர்மானத்தின் மூலம் தீர்த்திருந்தது. எறிதல் கார் நிறுத்துமிடத்தில் நடக்கும். பதினெட்டு மீற்றர் தூரத்தில் ஒரு தேநீர்க் கோப்பைத் தட்டு வைக்கப்படும். அதற்குள் ஈ விழவேண்டும்.

அது உலகக் கிண்ணக் காற்பந்து நடந்த கோடை. எல்லாக் கார்களிலும் சின்னக் கொடி. அரியரத்தினத்தின் முதல் எறியில் ஈ போய்த் தலைவரின் காரிலிருந்த கொடியைக் கவ்வி, அதைத் தடியோடு கழற்றிக்கொண்டு வந்தது. கழகத்தின் வரலாற்றில் அந்த ஈ எதையாவது பிடித்தது அதுவே முதல் தடவை என்று கொலாட்ஸ் மெல்லச் சொன்னார். குறிப்பேட்டில் 'தேசியச் சின்னத்துக்கு எதிரான எறி, நோக்கம் இல்லை' என்று பதிந்துவிட்டு, இரண்டு கிழமை கழித்து வரச் சொன்னார்கள். இரண்டு கிழமை கழித்துத் தட்டில் விழுத்தினார்.

அடுத்தது உபகரணத் தெரிவு. ஜூன் முப்பதாம் திகதிக்கு நாள் குறித்திருந்தார்கள். அன்றைக்கு ஜெர்மனி விளையாடியதால் தெரிவுக்குழு கூடவில்லை. அடுத்த கூட்டத்தில் அரைவாசிப் பேர் விளையாட்டைப் பற்றிப் பேசினார்கள். அதற்கடுத்ததில்தான் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். அப்போது ஜூலை பாதி போய்விட்டது. ரஞ்சினியால் எழுந்து இருக்க முடியாமல் போயிருந்தது.

நீளமான மேசையில் பச்சைத் துணி விரித்து, நாலு தடி, ஆறு ரீல், மிதக்கும் நூல், தாழும் நூல், நுனியில் கட்டும் தங்கூசி, பெட்டி பெட்டியாகப் பொய் ஈக்கள் என்று அடுக்கியிருந்தார்கள்.

"தடி உங்கள் குணம்" என்றார் தலைவர். "நூல் உங்கள் மனசாட்சி. ஈ உங்கள் ஆன்மா. தெரிவு செய்யுங்கள்."

அரியரத்தினம் சமையலறையில் வேலை செய்தவர். பொருளை எடுக்கமுதல் அது யாருக்கு என்று கேட்பது அவருடைய பழக்கம். "மீனுக்கு எது விருப்பம்?" என்று கேட்டார்.

கொலாட்ஸ் இருமினார்.

தலைவர் எழுந்தார். "நீங்கள் புதியவர், மன்னிக்கிறோம். இந்த நாட்டில் அளவுக்கு வளர்ந்த மீனைப் பிடித்தால் அதைக் கொல்லவேண்டும். பிடித்துவிட்டுத் திரும்ப விட்டால் அது மிருகவதை. கொன்றால் ஆற்றில் மீன் குறையும். குறைந்தால் கழகத்துக்கு இழுக்கு. ஆகவே ஒழுக்கமுள்ள ஈத்தூண்டில்காரனின் கடமை ஒன்றுதான். மீன் விரும்பாத ஈயைத் தெரிவு செய்யவேண்டும். இந்தக் கைகள் முப்பத்தொரு வருடமாக ஒரு மீனையும் தொட்டதில்லை." கைகளைத் தூக்கிக் காட்டினார். சிலர் மேசையில் தட்டிப் பாராட்டினார்கள்.

கழகம் அங்கீகரித்த ஈக்கள் மூன்று. நான்காவது ஒன்று இருந்ததாம், சாம்பல் இறகு வைத்தது. 1998இல் ஒருவர் அதைக் கொண்டு ஒரு ஃபொரெல்லேயைப் பிடித்துவிட்டார். ஈயையும் நீக்கி, ஆளையும் நீக்கிவிட்டார்கள்.

அத்தோடு முடியவில்லை. இடுப்புப் பட்டியில் இடமிருந்து வலமாகக் கைவலை, அளவு நாடா, மீனைத் தலையில் அடிக்கும் கட்டை, கத்தி, கொக்கி கழற்றும் இடுக்கி என்ற ஒழுங்கில் தொங்கவேண்டும். பிடிபடாத மீனுக்கு எதற்கு அடிகட்டை என்று அவர் கேட்கவில்லை. இருபத்தொரு வருடத்தில் எதைக் கேட்கக்கூடாது என்பதை நன்றாகப் பழகியிருந்தார். மூன்றாம் இலக்கத் தடியை எடுத்தார், மூன்றாம் இலக்க ஈயை எடுத்தார். சித்தி.

அன்று ரஞ்சினிக்குக் குரல் தாழ்ந்துவிட்டது. அவர் காதைக் கிட்டக் கொண்டுபோனார்.

"சும்மா இறங்குங்கோவன். ஆர் பாக்கப் போறான்?"

"பிடிச்சால் வில்லங்கம், ரஞ்சி. இவ்வளவு வந்திட்டம். இன்னும் கொஞ்சம்தான். வாற மாசம் கட்டாயம் நிப்பன்."

"வாற மாசமோ" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் ஒருநாள் கத்தியிருந்தால் மனிதர் உடுத்த உடுப்போடு ஓடிப்போய் ஆற்றில் குதித்திருப்பார். அவளோ இவரை அறிந்தவள், பேசாமல் இருந்துவிட்டாள்.

மூன்றாம் படி, ஆற்றைப் பிறரோடு பகிர்தல். இதற்கு ஒரு சொற்பொழிவு, ஒரு வாய்மொழிச் சோதனை. சொற்பொழிவைத் தலைவர் நிகழ்த்தினார்.

"ஆறு எல்லோருக்கும் பொது. நூற்றுப் பதின்மூன்று வருடமாகக் கழகம் இதையே சொல்லி வருகிறது. பொதுவாக இருக்கிறபடியால்தான் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. காப்பாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் வரக்கூடாது. இது விளங்காதவர்கள்தான் எங்களைச் சுயநலக்காரர் என்கிறார்கள். படகுகாரர் வந்தால் தடியை உயர்த்தி வணக்கம் சொல்லுங்கள், சிரிக்கத் தேவையில்லை. நாய் வந்தால் நாய்க்குச் சொல்லாமல் சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள். நீந்துகிறவர்கள்..." இங்கே அவருடைய குரல் தளர்ந்தது. "நீந்துகிறவர்களை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு முறை வழக்குப் போட்டுத் தோற்றோம். அது எங்கள் கழகத்தின் ஆறாத துயரம்."

அரியரத்தினம் தமது கொப்பியில், 'நீந்துகிற ஆக்கள்: பேப்பர் பலமானது' என்று குறித்துக்கொண்டார்.

வாய்மொழிச் சோதனையில் ஒரே கேள்வி. "நீங்கள் நிற்கும் இடத்துக்கு இன்னொருவர் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?"

"நான் தள்ளி நிற்பேன்."

பிழை. விதி இலக்கம் பன்னிரண்டை அவருக்கு நட்போடு எடுத்துச் சொல்லவேண்டும் என்பதே விடை. தள்ளி நிற்பவர்களால் கழகம் கட்டிக் காக்கப்படவில்லை என்று தலைவர் வருத்தத்தோடு சொன்னார். மறுசோதனை ஓகஸ்ட் முதற் கிழமை. அன்றைக்கு அவர் விதி இலக்கம் பன்னிரண்டைத் தப்பில்லாமல் ஒப்புவித்தார்.

மிச்சம் இருந்தது இருபது மணித்தியாலச் சிரமதானம். கழக வீட்டின் கூரைப் பீலியில் இலை அள்ளினார், தலைவர்களின் படங்களுக்குத் தூசி தட்டினார். பதினாலு மணித்தியாலம் முடிந்தபோது, தலைவர் அவருடைய படிவங்களைப் பார்த்து வியந்தார். "என்ன அழகான கையெழுத்து!" இருபது வருடம் படிவம் நிரப்பிய கை, அழகாகத்தானே இருக்கும். "ஆற்றங்கரைப் பலகைக்கு எழுத்துப் புதுப்பிக்க வேண்டும். நீங்களே செய்யுங்கள்."

அரியரத்தினத்துக்கு நம்ப முடியவில்லை. பலகை ரஞ்சினியின் ஜன்னலுக்கு நேரே அல்லவா? தண்ணீர் இல்லாவிட்டாலும் கரை. கொறற்றிக்கு உடனே தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, அக்கான்ர கட்டிலை ஒருக்கா ஜன்னல் பக்கம் திருப்பி விடுமன். நாளைக்கு நான் கீழதான் நிப்பன்."

ஓகஸ்ட் இருபத்திரண்டு, நல்ல வெயில். கறுப்புப் பெயின்ற் வாளியும் மெல்லிய தூரிகையுமாக அவர் பலகைக்கு முன்னால் குந்தினார். எழுத்து அவருக்கு வாசிக்க ஏலாது. பழைய தடத்தின் மேல் தூரிகையை வைத்து, கொம்பைக் கொம்பாக, வாலை வாலாக இழுத்துக்கொண்டு போனார். ஒரு வரி முடிந்ததும் எழும்பித் திரும்பி மேலே பார்ப்பார். தூரிகையை ஆட்டுவார். கண்ணாடிக்குள் ஒரு கை மெல்ல எழும்பும். இரண்டாம் வரிக்குப் பிறகும் எழும்பியது. நாலாம் வரிக்குப் பிறகும் எழும்பியது, கொறற்றி முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள் போலத் தெரிந்தது.

அவருக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு எட்டு. கல்லில் பட்டு ஓடும் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது.

ஏழாம் வரி முடிந்து திரும்பியபோது ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. நித்திரையாக்கும் என்று நினைத்தார். நித்திரை கொள்ளட்டும், அதற்கிடையில் இதை முடித்துவிடுவோம் என்று கடைசி வரிக்குக் குனிந்தார். மற்ற வரிகளை விட அது சின்ன எழுத்து. கை நடுங்காமல், ஒரு பொட்டும் சிந்தாமல், முக்கால் மணி நேரம் எடுத்து எழுதி முடித்தார். பிறகு தூரிகையைக் கழுவினார். பிறகுதான் மேலே போனார்.

கொறற்றி கதவடியில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"நான் உங்களுக்கு எடுத்தனான், அண்ணை. நீங்கள் போன் எடுக்கேல்லை. அவவைத் தனிய விட்டிட்டுக் கீழ வர மனம் வரேல்லை."

போன் கழக வீட்டில் இருந்தது. வேலை நேரத்தில் போன் வைத்திருக்கக்கூடாது என்பது விதி இலக்கம் ஐந்து.

"நோவில்லாமல்தான் போனவ. கடைசி வரைக்கும் கண்ணை எடுக்கேல்லை. 'இப்ப இறங்குவார் பார், கொறற்றி, இப்ப இறங்குவார்' எண்டு சொல்லிக்கொண்டு கிடந்தவ."

அரியரத்தினம் பெயின்ற் பட்ட கையோடு ரஞ்சினியின் காலடியில் இருந்தார். தலையணைக்கடியில் மீன் பரீட்சைப் பத்திரம் அப்படியே கிடந்தது. அவர் வாய்விட்டு அழுதார். மூன்று மாதம் மூன்று நாளாக அவள் கேட்டது ஒன்று, ஒன்றே ஒன்று. அதைக் கொடுக்க அவருக்கு நாள் போதவில்லை.

செத்தவீடு முடிந்தது, எட்டும் முடிந்தது, முப்பத்தொன்றும் முடிந்தது. செப்ரெம்பர் கடைசியில் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. தம்பித்துரை அண்ணை, "போகாமல் விடாதையும், அரியம். கஷ்டப்பட்டு எடுத்த பேப்பர்" என்றார். அதனால் போனார். போகாமல் என்ன செய்வதென்றும் அவருக்குத் தெரியவில்லை.

வருடாந்த விருந்து. கழகத்தின் ஒழுக்கம் காரணமாக, எங்கேயோ கடலில் பிடித்து உறையவைத்த மீனைப் பொரித்து வைத்திருந்தார்கள். தலைவர் பத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் பேசினார்.

"எங்கள் புதிய உறுப்பினர், இலக்கம் நாற்பத்தொன்று. இவருக்கு அண்மையில் குடும்பத்தில் ஓர் இழப்பு. கழகம் அந்தத் துயரத்தில் முழுமையாகப் பங்குகொள்கிறது. பலகை எழுதிய அன்று இவர் இரண்டு மணித்தியாலம் முந்திப் போய்விட்டார். அந்த இரண்டு மணித்தியாலத்தையும் செயற்குழு ஏகமனதாக மன்னிக்கிறது."

எல்லோரும் மேசையில் தட்டினார்கள்.

வெளியே வாசலில் கொலாட்ஸ் தனியே நின்றார். "எந்த இடத்தில் தொடங்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அவர் தானாகக் கேட்ட முதற் கேள்வி அது.

"ஹொஸ்பிஸுக்கு முன்னால்."

"அங்கே நாளை தொடக்கம் ஏப்ரல் வரை தடைக்காலம். மீன் முட்டையிடும்."

"எனக்கு மீன் வேண்டாம். தடியும் வேண்டாம். கொஞ்ச நேரம் தண்ணீரில் நிற்கவேண்டும். மே மாதம் தொடக்கம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

கொலாட்ஸ் தொப்பியைக் கழற்றினார். "நிற்கவா? சும்மா நிற்கவா?"

"ஓம்" என்றார் அரியரத்தினம், தமிழிலேயே.

"அதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லையே. மீன் பிடிக்கத்தான் அனுமதி வேண்டும். தண்ணீரில் இறங்கி நிற்க யாருக்கும் உரிமை இருக்கிறது. பிள்ளைகள் நிற்கிறார்கள், நாய் நிற்கிறது. சட்டம் அது. பலகையின் கடைசி வரியில்கூட இருக்கிறது, இறங்கவும் குளிக்கவும் எவருக்கும் தடையில்லை என்று. நீதிமன்றம் சொல்லி எழுதினோம்." நல்லது ஒன்று சொல்லவேண்டும் என்று நினைத்தவர்போலச் சொன்னார்: "நீங்கள்தானே எழுதினீர்கள். எட்டு வரியிலும் அதுதான் மிக அழகாக வந்திருக்கிறது."

"எப்ப இருந்து இந்தச் சட்டம்?"

"எப்போதும்" என்றார் கொலாட்ஸ்.

மறுநாள் காலை அரியரத்தினம் ஆற்றங்கரைக்குப் போனார். பலகைக்கு முன்னால் குந்தியிருந்து, விரலை வைத்து, கடைசி வரியை எழுத்தெழுத்தாகக் கூட்டினார். சரியாகத்தான் இருந்தது. அந்த முக்கால் மணி நேரமும் இதைத்தான் அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

சப்பாத்தைக் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கினார். நாலு எட்டுத்தான். குளிர் எலும்பில் ஏறியது. முழங்காலளவு வந்ததும் நின்றார். பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து உறுப்பினர் பத்திரத்தை எடுத்து, நனையாமல், யார் வந்தாலும் காட்டக்கூடியதாக நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஒருவரும் வரவில்லை. தகடு கட்டிய நாய் வந்து பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

அப்போதுதான் அவள் சொன்னது ஞாபகம் வந்தது, கையில் ஃபைல் இல்லாமல் என்று. திரும்பிக் கரைக்கு ஏறி, பத்திரத்தை ஒரு கல்லுக்கடியில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு மறுபடியும் இறங்கிப்போய் அதே இடத்தில் நின்றார். இரண்டாம் மாடி ஜன்னலில் வேறு யாருடையதோ பூச்சாடி இருந்தது. அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, மேலே கேட்கவேண்டும் என்பதுபோல உரக்கச் சொன்னார்.

"நிக்கிறன், ரஞ்சி. முன்னுக்கும் ஒருத்தரும் இல்லை, பின்னுக்கும் ஒருத்தரும் இல்லை."